காம்பவுண்டு இருக்கிறது, வேலி எங்கே?

(இரண்டாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் துறை)



ஒசூர் வளர்ந்துவிட்டது. சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டைட்டன், டி.வி.எஸ். வந்தன. 2019இல் நகராட்சி மாநகராட்சி ஆனது. அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூர்ப் பணமும் நம் பக்கம் வந்து சேர்ந்தது. பாகலூர், தளி, தேன்கனிக்கோட்டைச் சாலைகளில் ராகி விளைந்த காடுகளில் இன்று பண்ணை வீடுகளும் வில்லாக்களும் நிற்கின்றன. வளர்ச்சியை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த வீடுகளால்தான் நம்மில் பலர் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் வீட்டோடு நீச்சல் குளம் வந்தது. குளத்தோடு வர வேண்டிய வேலி மட்டும் வரவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எட்டடிச் சுவர் யாருக்காக?

"சுத்தி எட்டடிக்கு காம்பவுண்டு இருக்கே தம்பி, அப்புறம் என்ன வேலி?" என்று கேட்கிறார்கள். அந்தச் சுவர் திருடனுக்காகக் கட்டியது. தண்ணீரில் விழக்கூடிய குழந்தை சுவருக்கு வெளியே இல்லை, உள்ளேதான் இருக்கிறது. வீட்டுக்காரர் குழந்தை சனி, ஞாயிறு வந்து போகும். வாரம் ஏழு நாளும் அங்கேயே கிடப்பது வாட்ச்மேன் குழந்தையும் தோட்டக்காரர் குழந்தையும்தான். கேட் ஓரம் ஷீட் போட்ட ஓர் அறை. அப்பா கேட்டில் நிற்பார், அம்மா பெரிய வீட்டைத் துடைக்கப் போயிருப்பார். குழந்தையை யார் பார்ப்பது?

இதை நான் ஊகத்தில் எழுதவில்லை. என் அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர், அம்மா சித்தாள். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் அக்காவும் மாமாவும் ஒரு பண்ணை வீட்டில் காவலுக்கு இருக்கிறார்கள். அக்கா பையனுக்கு இரண்டு வயது. அவர்கள் அறை வாசலிலிருந்து குளத்தின் விளிம்பு வரை டேப் பிடித்துப் பார்த்தேன். 11 மீட்டர். நடுவில் புல்தரை மட்டும்தான். "முதலாளிகிட்ட வேலி போடச் சொல்லுங்க மாமா" என்றேன். "சொன்னா, குழந்தை இல்லாத ஆளா பார்த்துக்கறேன்னு சொல்லிடுவாரு மாப்ளே" என்றார். அக்கா வேலைக்குப் போகும்போது பழைய சேலையால் பையன் இடுப்பைச் சுற்றி, மறுமுனையைக் கட்டில் காலில் கட்டிவிட்டுப் போகிறாள். தண்ணீருக்குப் போட வேண்டிய வேலியை நாம் குழந்தைக்குப் போட்டிருக்கிறோம்!

சத்தம் வராத விபத்து

சினிமாவில் தண்ணீரில் விழுந்தவர் கையை ஆட்டிக் கத்துவார். உண்மையில் சின்னக் குழந்தை கத்துவதில்லை. மூச்சு விடவே முடியாதபோது சத்தம் எப்படி வரும்? சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். 2021இல் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. "நாங்க பார்த்துக்குவோம்" என்பது போதாது. பார்ப்பவருக்குப் போன் வரும், அடுப்பில் பால் பொங்கும். வேலிக்குப் போன் வராது.

ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மனையைச் சுற்றிய வேலியை விட, குளத்தை மட்டும் நாலு பக்கமும் அடைத்து வீட்டிலிருந்தே பிரிக்கும் வேலிதான் அதிக உயிர் காக்கிறது என்று கண்டார்கள். நம் காம்பவுண்டு வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

வேலி என்றால் எப்படி இருக்க வேண்டும்?

நியூசிலாந்தில் 1987லேயே நீச்சல் குள வேலிக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992இல் வந்தது. ஆஸ்திரேலியத் தர விதியின் முக்கிய அளவுகள் இவை. வொர்க்‌ஷாப் நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.

1. உயரம் குறைந்தது 1200 மி.மீ., அதாவது நாலடி.

2. கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி 100 மி.மீ.க்கு மேல் கூடாது. தரைக்கும் வேலிக்கும் நடுவிலும் அதே கணக்கு. குழந்தை நுழைந்து போக முடியாத அளவு அது.

3. கேட் குளத்தின் பக்கம் திறக்கக் கூடாது, வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். எந்த நிலையில் விட்டாலும் தானே மூடி, தானே தாழ் விழ வேண்டும். தாழ்ப்பாளைக் குழந்தைக்கு எட்டாதபடி 1500 மி.மீ. உயரத்தில் வைப்பது வழக்கம்.

4. ஏறுவதற்கு வாகாக எதுவும் வேலி அருகே இருக்கக் கூடாது. அதற்கு 900 மி.மீ. தூரம் விடச் சொல்கிறார்கள். பூந்தொட்டி, நாற்காலி, பெயின்ட் டப்பா எல்லாமே குழந்தைக்கு ஏணிதான்.

நம் ஊர் கிரில் பட்டறைகளில் அழகுக்காகப் படுக்கைக் கம்பிகளை நெருக்கமாக வைத்து வெல்டிங் செய்கிறார்கள். அது வேலி அல்ல, படிக்கட்டு. நேர்க்கம்பிதான் வேண்டும். ஸ்கொயர் டியூப், ஸ்பிரிங் கீல், ஒரு நல்ல தாழ்ப்பாள் இருந்தால் போதும். இவ்வளவு பட்டறை உள்ள ஒசூரில் இதைச் செய்ய ஆள் இல்லையா? குளத்துக்கு டைல்ஸ் ஒட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையும் அல்ல.

சட்டம் எதுவரை வருகிறது?

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133), பொது வழியையோ பொது இடத்தையோ ஒட்டிய குளம், கிணறு, பள்ளத்துக்கு வேலி போடச் சொல்ல நிர்வாக நடுவருக்கு அதிகாரம் தருகிறது. சாலையோரத்தில் திறந்து கிடக்கும் கிணற்றுக்கும், விளிம்பில் பாதை போகும் பழைய கல் குவாரிக் குழிக்கும் இது உதவும். திங்கட்கிழமை கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுத்தாலே பிள்ளையார் சுழி போட்ட மாதிரிதான். ஆனால் அந்தப் பிரிவு பொது வழியோரத்தோடு நின்றுவிடுகிறது. காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கும் வாட்ச்மேன் குழந்தையை அது எட்டவில்லை.

சட்டம் எழுதினால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் நம்மிடமே உண்டு. கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும், தோண்டும்போது சுற்றி வேலி போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே உத்தரவிட்டது. தமிழகத்தில் 2015இல் விதிகளும் வந்தன. இருந்தும் 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 29ஆம் தேதி உடலைத்தான் எடுக்க முடிந்தது. நாடே டி.வி. முன் உட்கார்ந்து அழுதது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! உத்தரவு இருந்தது, அந்தக் குழிக்கு மூடி இருக்கிறதா என்று போய்ப் பார்க்க ஆள் இல்லை.

செய்ய வேண்டியது

ஆகவே என் கருத்து இதுதான். குளத்துக்கு அனுமதி கேட்டு வரைபடம் வரும்போதே வேலியின் வரைபடத்தையும் மாநகராட்சியும் ஊராட்சியும் கேட்டு வாங்க வேண்டும். வேலி நிற்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே குளத்தில் தண்ணீர் விட அனுமதிக்க வேண்டும். நியூசிலாந்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்து சோதிக்கிறார்கள். ஸ்பிரிங் துருப்பிடிக்கும், தாழ் தேயும். ஆகவே இங்கும் சோதனை தேவை. ரோஜாத் தோட்டங்களில் பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக் குட்டைகளையும் இதில் சேர்க்க வேண்டும். அந்த ஷீட் வழுக்கும், விழுந்தால் பெரியவராலேயே ஏறி வர முடியாது. வேலியோடு, முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றும் கரையில் கட்டித் தொங்க வேண்டும்.

சட்டம் ஏன் கேட்க வேண்டும் என்கிறேன்? என் மாமாவால் கேட்க முடியாது என்பதால்தான். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவரிடம் குழந்தையின் பாதுகாப்பை ஒப்படைத்துவிட்டு, "பெத்தவங்க கவனமா இருக்கணும்" என்று உபதேசம் செய்வது நியாயமா?

நண்பர்களே, நாளைக்கு அந்த வரைபடங்களை வரையப் போவதும், அந்த சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப் போவதும், அந்த கேட்டை வெல்டிங் செய்யப் போவதும் நாம்தான். கேட்காவிட்டாலும் வேலியை வரையுங்கள். "வேண்டாம், அழகு கெடும்" என்று சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை எடுத்துச் சொல்லுங்கள். நம் அப்பா அம்மாவால் பேச முடியாத இடத்தில் பேசுவதற்குத்தான் அவர்கள் நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்.

வேலி அமைப்போம்! பிஞ்சு உயிர் காப்போம்!