படங்களை யாரிடம் ஒப்படைப்பது?

போன மாதம் மட்டும் மூன்று பழைய மாணவர்களும் என் தங்கை மகனும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். கூகுளுக்கு வருடாவருடம் பணம் கட்டுவதா, வீட்டிலேயே ஒரு நாஸ் பெட்டி வாங்கி வைப்பதா? எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தெரியாத உறவினர்களுக்காக: நாஸ் என்பது இரண்டு ஹார்ட் டிஸ்க் செருகி, வைஃபை ரூட்டரோடு வயரில் இணைத்துவிடும் சின்னப் பெட்டி. வீட்டிலுள்ள எல்லாப் போன்களின் படங்களும் தானாக அதில் போய்ச் சேரும்.

பணம் மிச்சமாகும் என்று நினைத்து வாங்காதீர்கள். பெட்டி, டிஸ்க்குகள், யுபிஎஸ் எல்லாம் சேர்ந்தால் அந்தத் தொகைக்குப் பல ஆண்டு சந்தா கட்டலாம். 20 வாட் இழுக்கும் பெட்டி இரவுபகல் ஓடினால் இரண்டு மாதக் கரண்ட் பில்லில் சுமார் 29 யூனிட் கூடும்.

நான் வாங்கிய காரணம் வேறு. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவசம் போய்விட்டது. ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி, அதற்கு மேல் சந்தா. அதில் தப்பில்லை, இடம் கொடுப்பவன் வாடகை கேட்கத்தான் செய்வான். எனக்குப் பின் அந்த வாடகையை யார் கட்டுவார்கள் என்பதுதான் என் கவலை. சந்தா என் வங்கி அட்டையில் போகிறது. அட்டை நின்றால் சந்தாவும் நிற்கும். அளவைத் தாண்டிய கணக்கு இரண்டு ஆண்டு அப்படியே கிடந்தால் உள்ளே இருப்பதை அழிக்கலாம் என்பது அவர்கள் விதி. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? 31 ஆண்டு வகுப்புப் படங்கள், ஆண்டு விழா வீடியோக்கள், இன்று நம்மோடு இல்லாத சில பிள்ளைகளின் முகங்கள், என் மனைவி பாடிய நான்கு நிமிட ஆடியோ.

எந்தப் பெட்டி? "பழைய கம்ப்யூட்டரில் ட்ரூநாஸ் போடுங்க சார், செலவே இல்லை" என்கிறார்கள் பெங்களூரில் இருக்கும் என் பிள்ளைகள். உங்களுக்குச் சரி. ஆனால் அது மக்கர் செய்தால் என் மருமகள் யாரைக் கூப்பிடுவாள்? அதனால் போன் ஆப் எளிதாக உள்ள, இரண்டு டிஸ்க் போடும் ரெடிமேட் பெட்டியே என் கட்சி. டிஸ்க் வாங்கும்போது மட்டும் சிஎம்ஆர் வகையா என்று கேளுங்கள். நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் வெஸ்டர்ன் டிஜிட்டல், எஸ்எம்ஆர் டிஸ்க்குகளைச் சொல்லாமல் சேர்த்திருந்தது 2020-இல் அம்பலமாகிப் பெரிய சண்டையானது. நாஸில் எழுதும்போது அந்த வகை மிகவும் மந்தமாகிவிடும்.

வெளியூரிலிருந்து படம் பார்க்கும் ஆசையில் பெட்டியை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கும்பல், அப்படித் திறந்துகிடந்த க்யூநாப் பெட்டிகளைப் பூட்டிவிட்டு ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது.

இன்னொன்றை மூன்று தரம் படியுங்கள். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே படம் பதிவாவது பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். பேரன் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். இடி விழுந்தாலும் திருடன் வந்தாலும் பெட்டியோடு போயிற்று. ஆகவே மூன்றாவது பிரதி வேறு வீட்டில் இருக்க வேண்டும். என்னுடையது ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க், எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்படி எக்ஸ்ஃபேட் முறையில். தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கும் ஆடி மாதமும் போய்ப் புதுப்பிக்கிறேன் (அவள் வைக்கும் மீன்குழம்பும் ஒரு காரணம்).

பாஸ்வேர்டை நோட்டில் எழுதி மகனிடம் கொடுத்துவிட்டேன். தெரியாவிட்டால் எவ்வளவு நல்ல பெட்டியும் வெறும் செங்கல்தான். கூகுள் கணக்கையும் இப்போதைக்கு மூடவில்லை. அதில் இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர் என்று ஒரு வசதி உண்டு. நாம் கணக்கைத் தொடாமல் இத்தனை மாதம் ஆனால் இன்னாருக்குத் தகவலும் படங்களும் போகட்டும் என்று குறித்து வைக்கலாம். பெட்டி வாங்காதவர்கள் அதையாவது இன்றே செய்யுங்கள், பத்து நிமிட வேலை.

1994 பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக் குரூப் போட்டோ தெளிவாக ஸ்கேன் ஆகியிருக்கிறது. வேண்டுபவர்கள் பென்டிரைவோடு வீட்டுக்கு வாருங்கள். மாலை நாலு மணிக்கு மேல் இருப்பேன்.