வால்பாறை யானைகளும் லைன் வீடுகளும்

"யானையைக் காட்டுக்குள்ள விரட்டி, சுத்தி அகழி வெட்டிட்டா பிரச்சனை முடிஞ்சுது." யானை தாக்கி ஒருத்தர் இறந்தார்னு செய்தி வந்தா, கீழே கமெண்ட்ல முக்கால்வாசி இதுதான். கோபம் புரியுது. ஆனா வால்பாறையில எந்தப் பக்கம் விரட்டுவீங்க? கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

மேப்பை எடுத்துப் பாருங்க. சுத்தி ஆனைமலை புலிகள் காப்பகம். கேரளா பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். இதுக்கெல்லாம் நடுவுல சுமார் 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலை, காப்பி எஸ்டேட். 1890-கள்ல இருந்து மழைக்காட்டை வெட்டிப் போட்ட தோட்டங்கள். வெட்டினது போக மிச்சக் காடு, தேயிலைக்கு நடுவுல துண்டு துண்டா நிக்குது.

காப்பகத்தோட எல்லைக்கோடு நமக்குத்தான். யானைக்கு இது ஒரு காட்டுல இருந்து இன்னொரு காட்டுக்குப் போற வழி. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆய்வாளர்கள் பல வருஷம் யானைக் கூட்டங்கள் பின்னாடியே போய்ப் பார்த்தாங்க. பகல்ல அந்தத் துண்டுக் காட்டுலயும் ஆத்தோர மரங்கள்லயும் ஒதுங்குது, இருட்டினதும் தேயிலையைக் கடக்குது. தேயிலை அதுக்குத் தீனி இல்லை. ஆனா ரேஷன் கடையிலயும் சத்துணவுக் கூடத்துலயும் அரிசி இருக்கே! சுவரை உடைச்சு எடுக்கும்.

1994-க்கு அப்புறமான இருபது வருஷத்துல இங்க 30 பேருக்கு மேல யானையால இறந்திருக்காங்க. அதுல பெரும்பாலானவங்களுக்குப் பக்கத்துல யானை நிக்கிறதே தெரியாது. இருட்டு, பனிமூட்டம், வேலை முடிஞ்சு லைன் வீட்டுக்கு நடந்து போற வழி.

ஒரு டாக்டரா சொல்றேன். யானை மிதிச்சு விலா எலும்பு நொறுங்கி, இடுப்பெலும்பு உடைஞ்சு, உள்ளுக்குள்ள ரத்தம் போயிட்டே இருந்தா எங்க கையில இருக்கறது ரொம்பக் கொஞ்சம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னா முதல்ல பொள்ளாச்சிக்கு இறங்கணும். 60 கிலோமீட்டருக்கு மேல, 40 கொண்டை ஊசி வளைவு. அதனால இதுக்கு வைத்தியமே வராம தடுக்கறதுதான்.

தடுக்கவும் முடிஞ்சுது. கேபிள் டிவியில ஓடுற ஒரு வரி, செல்போனுக்கு எஸ்எம்எஸ், கம்பத்து மேல ஒரு சிவப்பு விளக்கு. யானை எந்த எஸ்டேட்ல நிக்குதுன்னு சாயங்காலமே ஜனங்களுக்குத் தெரிஞ்சுது. விளக்கை உள்ளூர்க்காரங்களே போன்ல எரிய விடறாங்க. இறப்பு கணிசமா குறைஞ்சுது. கொசு மருந்து அடிக்கிற மாதிரி பெரிய செலவுகூட இல்லை இது.

ஆனா எஸ்எம்எஸ் மட்டும் போதாது. அந்த ஆத்தோர மரங்களை வெட்டிட்டா, துண்டுக் காட்டுல ரிசார்ட் கட்டிட்டா, யானை பகல்ல எங்க நிக்கும்? லைன் வீட்டுக்குப் பக்கத்துலதான். யானை மட்டும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்துல வேற எங்கேயும் இல்லாத சிங்கவால் குரங்கு, புதுத்தோட்டம் பக்கத்துல இப்படி ஒரு துண்டுக் காட்டுலதான் பிழைக்குது. மரத்துக்கு மரம் கிளை தொடாத இடத்துல கீழ இறங்கி ரோட்டைக் கடந்து வண்டியில அடிபடுது. அதுக்காக ரோட்டுக்கு மேல பாலம் கட்டித் தொங்கவிட வேண்டி வந்துச்சு.

சிட்டியில இருக்கற சில காட்டுயிர் ஆர்வலர்கள் இன்னொரு பக்கம். "அது யானையோட இடம், மனுஷங்க காலி பண்ணட்டும்"ங்கறாங்க. யாரை? மூணு நாலு தலைமுறையா கொழுந்து பறிச்சும் ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லாத ஆளையா? ஏசி ரூம்ல இருந்து சொல்றது ஈஸி.

என்னைக் கேட்டா, காப்பகத்துக்குத் திட்டம் போடறப்பவே எஸ்டேட்டையும் சேர்த்துத்தான் போடணும். ஆத்தோர மரங்கள்ல கை வைக்கக்கூடாதுன்னு எஸ்டேட்டுக்கு நிபந்தனை வேணும். அரிசியை மாசக்கணக்கா கடையில அடுக்காம நடமாடும் ரேஷன் வண்டியில கொடுக்கலாம். லைன் வீட்டுக்குள்ளயே கழிப்பறை வேணும், ராத்திரி ஒரு பொண்ணு வெளிய இறங்கறதே ஆபத்து. மீன், கோழிக் கழிவை வாசல்ல கொட்டினா நாயும் பன்னியும் வரும், அது பின்னாடியே சிறுத்தையும் வரும். குப்பை வண்டி ஒழுங்கா வர்றதும் இங்க காட்டுயிர் பாதுகாப்புதான்.

லீவுக்கு வால்பாறை போறவங்களுக்கு ஒண்ணு. ராத்திரி கம்பத்துல சிவப்பு விளக்கு எரிஞ்சா பக்கத்துல யானை இருக்குன்னு அர்த்தம். வண்டியை விட்டு இறங்காதீங்க, ஹாரன் அடிக்காதீங்க, செல்ஃபி வேண்டவே வேண்டாம்.