கொடிநாளுக்கு மட்டுமா சங்கம்?

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ம் தேதி வருகிறது. உண்டியல் குலுங்குகிறது, சட்டைகளில் சிறு கொடி ஏறுகிறது, மாஜி ராணுவத்தினர் பதக்கம் அணிந்து முன்வரிசையில் அமர்கிறார்கள். 1949 முதல் நடந்துவரும் கொடிநாள் இது. மறுநாள்? பதக்கம் பெட்டிக்குள் போகிறது. பல ஊர்களில் சங்கமும் அதோடு உறங்கப் போகிறது.

கையில் கொடியோடு அடிபட்டு 1932-ல் உயிர்நீத்த குமரனின் ஊர் திருப்பூர். கொடிக்கு மரியாதை செய்ய இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கொடிக்குக் காவல் நின்றவன் ஊர் திரும்பியபின் எப்படி வாழ்கிறான் என்பதே நாம் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கையில் எடுக்கும் சங்கமே பிழைக்கும்.

சங்கத்தால் ஆவதென்ன என்போருக்குச் சமீப வரலாறே பதில். 'ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்' கேட்டு 2015 ஜூனில் டில்லி ஜந்தர் மந்தரில் மாஜி ராணுவத்தினர் தொடர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். சுதந்திர தினத்துக்கு முதல் நாள் போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தப் பார்த்தது. அவர்கள் பணியவில்லை. செப்டம்பர் 5-ல் சர்க்கார் இறங்கிவந்தது. ஆனால் ஆண்டுதோறும் திருத்தம் கேட்டவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் என்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2022 மார்ச்சில் கோர்ட் சர்க்காரின் முறையை ஏற்றது. ஆனால் 2019 ஜூலை முதல் பென்ஷனைத் திருத்தி, பாக்கியை மூன்று மாதத்தில் கொடு என்றது. கொடுத்தார்களா? 2023-லும் தவணைக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது!

வென்ற கோரிக்கையை வசூலிக்கவும் சங்கம் வேண்டும். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய பனியன் தொழிலாளிக்கு இது புதிய பாடமா?

இன்னொன்றும் உண்டு. ஏழாவது சம்பளக் கமிஷன்படி ராணுவ சேவைப் படி, அதிகாரிக்கு மாதம் 15,500 ரூபாய். ஜவானுக்கு 5,200 ரூபாய். பாய்ந்து வரும் குண்டு பதவி பார்த்தா வருகிறது? பட்டாளத்தின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் சங்கத்துக்குள்ளும் புகுந்துவிட்டால், சிப்பாய் வாய் திறக்கமாட்டான். நாளடைவில் கூட்டத்துக்கும் வரமாட்டான்.

இங்கே சங்கத்துக்கு வேலையில்லையா? மூன்று வேலைகள் காத்துக் கிடக்கின்றன.

முதலாவது, விதவைகள். பென்ஷன் இப்போது 'ஸ்பர்ஷ்' என்னும் கம்ப்யூட்டர் முறைக்குப் போய்விட்டது. ஆண்டுதோறும் உயிரோடிருப்பதாகச் சான்று தரவேண்டும். ஆதாரில் பெயர் ஒருவிதம், பென்ஷன் உத்தரவில் வேறுவிதம் என்றால் கிழவி யாரிடம் போய் முறையிடுவாள்? வாரம் ஒரு நாள் சங்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தால், அந்தச் சங்கத்தை ஊர் மறக்காது.

இரண்டாவது, வாசல் காவல். முப்பத்தைந்து, நாற்பது வயதில் பட்டாளத்திலிருந்து திரும்பும் ஜவான் பனியன் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறான். பல இடங்களில் பன்னிரண்டு மணி நேர வேலை. நடுவில் கமிஷன் பார்க்கும் ஏஜென்சி. 1986-ல் பிறந்த டெக்ஸ்கோ இருக்கிறது. ஆனால் எல்லோரும் அதில் சேர்ந்துவிட முடியாது. தனியார் காவல் ஏஜென்சிகளுக்கான 2005-ம் ஆண்டுச் சட்டம் மாஜி ராணுவத்தினருக்கு முன்னுரிமை 'தரலாம்' என்கிறது. 'தரவேண்டும்' என்று சொல்லவில்லை.

வேலைநிறுத்தம் வந்தால் என்ன நடக்கிறது? வாசலுக்கு வெளியே தையல்காரன், உள்ளே காவல்காரன். இருவரும் ஒரே லைன் வீட்டில் குடியிருப்பவர்கள்! அவர்களை எதிரெதிரே நிறுத்துவது முதலாளிக்கு லாபம். எட்டு மணி வேலையும் நியாயக் கூலியும் இருவருக்கும் பொதுக் கோரிக்கை அல்லவா?

மூன்றாவது, அக்னிவீரர்கள். இதுதான் தலையாயது. 2022 ஜூனில் வந்த அக்னிபாத் திட்டப்படி நான்காண்டு சேவை. அதன்பின் நால்வரில் ஒருவருக்கே நிரந்தர வேலை என்றார்கள். மற்ற மூவருக்கு ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய். அதில் பாதி அவன் சம்பளத்தில் பிடித்தது, அதற்கான வட்டி. பென்ஷன் இல்லை, மாஜி ராணுவத்தினர் என்ற தகுதிகூட இல்லை! 2022 இறுதியில் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு 2026 இறுதியோடு நான்காண்டு முடிகிற கணக்கு.

"சர்க்காரே மாஜி ராணுவத்தினன் என்று ஏற்காதவனை நாம் எப்படிச் சேர்ப்பது?" என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். சர்க்கார் தன் சலுகைக்கு விதி எழுதட்டும். சங்கத்தின் விதியை எழுதுவது சங்கம்தானே?

அமெரிக்காவைப் பாருங்கள். குமரன் மறைந்த அதே 1932-ல், முதல் உலகப் போரில் சண்டையிட்டவர்கள் போனஸ் கேட்டு வாஷிங்டனில் முகாமிட்டார்கள். சொந்த ராணுவமே அவர்களை விரட்டியது. சங்கங்கள் விடவில்லை, 1936-ல் போனஸ் வந்தது. 1944-ல் படிப்புக்கும் வீட்டுக்கும் உதவும் சட்டமும் வந்தது. ஆனால் வியட்நாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் பலர், பழைய சங்கங்களில் தங்களுக்கு வரவேற்பில்லை என்று கண்டார்கள். 1978-ல் தனிச்சங்கம் கண்டார்கள். அந்தப் பிளவு இங்கே வேண்டாம்.

ஆகவே மாஜி ராணுவத்தினருக்கு நாம் சொல்வது: அக்னிவீரனை உறுப்பினனாக்குங்கள். விதவைக்கும் வாசல் காவலனுக்கும் நிர்வாகக் குழுவில் இடம் கொடுங்கள்.

நமது தோழர்களுக்குச் சொல்வது: அடுத்த வாயிற்கூட்டத்தில் காவல்காரரையும் பெயர் சொல்லி அழையுங்கள். அவர் கோரிக்கையையும் நோட்டீசில் அச்சிடுங்கள். முதல் அணி ஊர் வந்து சேரும்போது, முதலாளியின் ஏஜென்சி முந்துகிறதா, சங்கம் முந்துகிறதா? அதற்கான பதில் நம் கையில் இருக்கிறது.