கடுகு நட்டால் குரோமியம் போய்விடுமா?

"ரெண்டு வருசம் ஜீவாமிர்தம் விடுங்க, எந்த நஞ்சா இருந்தாலும் ஓடிப்போயிடும்." நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. யூரியாவும் பூச்சிக்கொல்லியும் கொட்டிக் களைத்துப்போன நிலத்துக்கு இதில் பெருமளவு உண்மை உண்டு. எண்ணெய்க் கழிவையும் பல பூச்சிக்கொல்லிகளையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். ஆனால் தோல் ஆலைக் கழிவு பாய்ந்த பாலாற்றங்கரை நிலத்துக்கும் இதையே சொன்னால், அந்தக் குடும்பத்தை ஏமாற்றுகிறோம் என்பதுதான் என் கருத்து.

குரோமியம் ஒரு தனிமம். அதை எந்த நுண்ணுயிராலும் தின்று தீர்க்க முடியாது. தண்ணீரில் கரைந்து கிணற்றுக்குப் போகும் கொடிய வடிவத்திலிருந்து, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் வீரியம் குறைந்த வடிவத்துக்கு மாற்ற முடியும். சில பாக்டீரியாக்களும் மட்கும் செய்கிற வேலை அதுதான். பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனாலும் குரோமியம் அங்கேயேதான் இருக்கிறது.

சரி, செடி வைத்து உறிஞ்சி எடுக்கலாமே? எடுக்கலாம். கடுகு இனச் செடிகள் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைத் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைக்கும். வெட்டிவேர் பெரும்பகுதியை வேரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மண் அரித்துப் போகாமலும் காக்கும். சிக்கல் அறுவடையில்தான் ஆரம்பிக்குது. விளைந்ததில் மிஞ்சியதையெல்லாம் மண்ணுக்கே திருப்பிக் கொடு என்று பழகிய கை நம்முடையது. இந்த நிலத்தில் அந்தப் பழக்கம் தலைகீழாகணும். அந்தக் கடுகைக் கீரையா கிள்ளக் கூடாது, மாட்டுக்குப் போடக் கூடாது, மூடாக்காகவும் கூடாது. மட்கு போட்டா எடுத்த நஞ்சு திரும்ப அதே வயலுக்கு வந்துடும். வெட்டிவேரைக் காயவைத்து நாட்டுமருந்துக் கடைக்கு விற்றால், யார் வீட்டுப் பானைத் தண்ணியில் போய் மிதக்குமோ!

அப்போ அந்த அறுவடை எங்கே போகணும்? கும்மிடிப்பூண்டியில் ஆலைகளின் அபாயக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடம் இருக்கிறது. நச்சு ஏறிய செடியும் அந்த மாதிரி இடத்துக்குத்தான் போகணும். வண்டிச் சத்தம் யார் கொடுப்பது? 1996-இல் வேலூர் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு மட்டுமல்ல, கெட்ட சூழலை மீட்கும் செலவும் கெடுத்தவருடையது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அப்புறம் எதுக்கு நாம வீட்டுக்காசில் கடுகு விதை வாங்கணும்?

நொய்யல் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சாயக்கழிவில் உங்கள் முதல் எதிரி உப்பு. உமரி மாதிரிச் செடிகள் கொஞ்சம் உப்பை இழுக்கும். அதையும் அறுத்து வெளியே கொண்டுபோகணும். நல்ல தண்ணீர் விட்டு வடிக்க வழியில்லாமல் நிலம் தேறாது.

முதலில் மண் பரிசோதனை. மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல், உப்பு நிலை எல்லாம் வரும். குரோமியமோ ஈயமோ வராது. கன உலோகச் சோதனை வேணும்னு தனியாகக் கேட்டு, கிராம சபைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். செடி வைத்துச் சுத்தம் பண்ண பல வருசம் பிடிக்கும். அத்தனை வருசமும் அந்த நிலத்தில் சோற்றுக்கு எதுவும் விளையாது. அந்தக் காலத்து வருமான இழப்பையும் மனுவில் சேர்த்தே கேட்கணும்.