பின்பக்க ஷாக்கைக் கடைசியில் வாங்காதீங்க

போன சனிக்கிழமை நாலு மணி நேரம் ஒரு பழைய பிக்கப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன் மக்களே. முதுகுவலி இன்னும் போகலை. அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி ரூம்மேட்டுடையது. 2002 மாடல் செவர்லே சில்வராடோ 1500, டூ வீல் டிரைவ். இங்கே கலிபோர்னியாவில் வண்டியைத் தரையோடு தாழ்த்தி ஓட்டுவது ஒரு பண்பாடு. மெக்சிகன் அமெரிக்கர்கள் வளர்த்தது. ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக்கூடாது என்று 1958-லேயே சட்டம் போட்டுப் பார்த்தார்கள். ஆசை அடங்கவில்லை, சட்டம்தான் 2024 ஜனவரியில் போய்ச் சேர்ந்தது!

நம்மாளும் பின்பக்கம் நாலு இன்ச் இறக்கினான். வீலுக்கும் டயருக்கும் காசைக் கொட்டினான். ஷாக் அப்சார்பர் மட்டும் பழசு. "நல்லாத்தானே இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான். மூணு வாரம் தாங்கியது. நண்பன் ஒருவன் வீடு மாற்ற, சோஃபாவும் புத்தக மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு ஃப்ரீவேயில் போனோம். ஒரு பாலத்து இணைப்பில் பின்னால் 'டங்' என்று ஒரு இடி. வண்டியின் பின்புறம் தூக்கிப் போட்டு அரை லேன் நகர்ந்தது. பக்கத்து லேனில் பதினெட்டுச் சக்கர லாரி. நான் அந்தப் பக்கத்து சீட்டில். வேண்டாம், விடுங்க.

என்ன நடந்தது? ஷாக்குக்கு இரண்டு நீளம் உண்டு. முழுக்க அமுங்கினால் ஒன்று, முழுக்க நீண்டால் ஒன்று. பேச்சுக்கு, கம்பெனி உயரத்தில் நிற்கும்போது ஷாக் 18 இன்ச், முழுக்க அமுங்கினால் பதின்மூன்றரை என்று வைப்போம். மேலே ஏற நாலரை இன்ச் இடம். நாலு இன்ச் இறக்கினால் மிச்சம் அரை இன்ச். பள்ளம் வந்ததும் உள்ளே பிஸ்டன் போய் அடியில் முட்டும். அந்த நொடியில் அது ஷாக் இல்லை, ஆக்ஸிலுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகிய இரும்புத் தடி. எங்கள் ஷாக்கின் ராடு வளைந்து ஆயில் எல்லாம் கொட்டியிருந்தது.

ஷாக் சாய்ந்திருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். 30 டிகிரி சாய்வில் நாலு இன்ச் இறக்கம், ஷாக்கில் சுமார் மூன்றரை இன்ச்தான். ஆனால் அதே சாய்வில் அதன் அடக்கும் சக்தியும் முக்கால் பங்காகிவிடும். கொசைன் இரண்டு முறை வருகிறது. வைப்ரேஷன் கிளாஸில் தூங்காதவர்களுக்கு ஞாபகம் இருக்கும் :-)

அதனால் என் கட்சி இதுதான்: முதலில் நீளம், அப்புறம்தான் பிராண்டு, கெட்டித்தனம் எல்லாம். வண்டியை இறக்கிச் சக்கரத்தில் நிற்க வைத்து, மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரை அளங்கள். ஆக்ஸிலுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் உள்ள இடைவெளியைக் கழியுங்கள். ரப்பரும் அமுங்கும், அதற்கும் ஒரு இன்ச்சாவது விடுங்கள். வாங்கும் ஷாக்கின் அமுங்கிய நீளம் அதற்குள் அடங்கணும். முட்டுவது ரப்பராக இருக்கணும், ஷாக்காக இருக்கக்கூடாது.

"கெட்டியான ஷாக் போடு, முட்டாது" என்பவர்களை நம்பாதீங்க. கனத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் வேகத்தை மட்டும்தான் எதிர்க்கும். ஹேங்கர், ஷேக்கிள் மாற்றி இறக்கினால் ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதே இல்லை. காலி பிக்கப்புக்குப் பின்பக்கம் ஏற்கெனவே கனம் கம்மி, அதில் ரொம்பக் கெட்டியாகப் போட்டால் சின்ன மேட்டுக்கெல்லாம் தவளை மாதிரி குதிக்கும்.

மோனோடியூபா, ட்வின்டியூபா என்று இரண்டு கோஷ்டி அடித்துக்கொள்ளும். மோனோடியூப் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும், உண்மை. ஆனால் காஸ் அறையும் அதே குழாய்க்குள் வரிசையில் இருப்பதால், அதே ஓட்டத்துக்கு உடம்பு நீளம். இடமே இல்லாத தாழ்ந்த வண்டிக்கு அதுதானே பிரச்சினை! சரக்கு ஏற்றாமல் ஊருக்குள் சுற்றுகிறவனுக்கு, இறக்கத்துக்கென்றே செய்த குட்டை ட்வின்டியூப் போதும் என்பேன்.

காயில் ஸ்பிரிங் எஸ்யூவி என்றால் இன்னொரு பக்கமும் பாருங்கள். பல வண்டிகளில் ஆக்ஸில் கீழே தொங்குவதைப் பிடித்து நிறுத்துவதே ஷாக்தான். ஜாக்கி போட்டுத் தூக்கும்போது ஷாக் ரொம்ப நீண்டால், குட்டையான ஸ்பிரிங் இடத்தைவிட்டுக் கழன்றே விழலாம்.

ரூம்மேட் இப்போது அளந்து ஆர்டர் போட்டிருக்கிறான். புதன்கிழமை வருமாம். அதுவரை புது வீலோடு வண்டி பார்க்கிங்கில் அழகாக நிற்கிறது, நாங்கள் பஸ்ஸில் காலேஜ் போகிறோம்.