ஒட்டன்சத்திரத்தில் பனி பெய்யவில்லை

சென்ற சித்திரையில் நண்பர் ஒருவர் தான் எடுத்த ஒளிப்படம் ஒன்றை அனுப்பியிருந்தார். ஆழ்ந்த நீல வானம். அதன் கீழே வெண்பனி மூடியதுபோல மரங்கள். பின்னணியில் பழனி மலைத்தொடர். ‘ஒட்டன்சத்திரத்தில் ஒரு காஷ்மீர்’ என்று தலைப்பு. பார்த்தவர்கள் எல்லோரும் பரவசப்பட்டிருந்தார்கள். மலையின் விளிம்பை வைத்து இடத்தை அடையாளம் கண்டுகொண்டேன். ஊருக்கு வெளியே பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடக்கும் ஒரு குளம் அது. அந்தப் பனிமரங்கள், குளத்தின் உட்பரப்பை அடைத்து வளர்ந்திருக்கும் சீமைக்கருவேலம்.

அகச்சிவப்பு ஒளிப்படக்கலை இன்று நம்மிடையே இப்படித்தான் புழங்குகிறது. வறண்ட நிலத்துக்குப் பூசப்படும் முகப்பூச்சாக. அந்தக் கலை பிறந்த நோக்கத்துக்கே இது நேர் எதிரானது என்பதே என் தரப்பு.

முதலில் ஒரு பிழையைக் களைந்துவிடலாம். அகச்சிவப்புப் படம் வெப்பத்தைக் காட்டுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். வெப்பத்தைப் படமாக்கும் கருவிகள் வேறு. அவை பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைநீளத்தில் இயங்குபவை. நம் கேமராக்கள் பதிவுசெய்வது சிவப்பை ஒட்டி அதற்கு அப்பால் இருக்கும் ஒளியை, அதாவது ஏறத்தாழ 700 முதல் 1100 நானோமீட்டர் வரை. அதுவும் சூரிய ஒளிதான், நம் கண்ணுக்குத் தெரியாத பகுதி என்பது மட்டுமே வேறுபாடு. இலையின் பச்சையம் இந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. இலைக்குள் இருக்கும் செல்களும் அவற்றிடையே உள்ள காற்றறைகளும் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே தழைத்த மரம் படத்தில் வெளுக்கிறது. தெளிந்த வானத்தில் இந்த ஒளி குறைவாகவே சிதறுவதால் வானம் கறுக்கிறது. நீர் அதை விழுங்கிவிடுவதால் குட்டையும் கறுப்பாகவே தெரிகிறது.

1910இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இத்தகைய நிலக்காட்சிகளை முதன்முதலில் வெளியிட்டார். இலை வெளுப்பதற்கு இன்றும் ‘வுட் விளைவு’ என்றுதான் பெயர். இரண்டாம் உலகப்போரின்போது இதே இயல்பு வேவுக்குப் பயன்பட்டது. பச்சை வண்ணம் பூசிய துணியும் வெட்டிப்போட்ட தழையும் கண்ணை ஏமாற்றலாம், உயிருள்ள காட்டைப்போல அகச்சிவப்பு ஃபிலிமில் ஒளிர்ந்துவிட முடியாது. அடுத்தது நமக்கு மிக அருகில் நிகழ்ந்தது. 1970இல் பி. ஆர். பிஷாரடியின் தலைமையில் இந்திய அறிவியலாளர்கள் கேரளத்துத் தென்னந்தோப்புகளின்மீது ஹெலிகாப்டரில் பறந்து அகச்சிவப்பு வண்ணப்படங்கள் எடுத்தார்கள். வாடல்நோய் தாக்கிய மரங்களை மேலிருந்தே பிரித்தறிவதற்காக. இந்தியத் தொலையுணர்வுத் துறையின் தொடக்கம் அதுதான். 1988இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோளும் அகச்சிவப்பில் பயிர்களைப் பார்த்தது. நோயுற்ற தென்னையைக் கண்டறிவதற்காக இந்நாட்டுக்குள் வந்த ஒரு பார்வையை, தூர்ந்த குளத்தைக் காஷ்மீராக்கப் பயன்படுத்துகிறோம். இதைவிடப் பெரிய சரிவு வேறென்ன?

பொய் எந்த இடத்தில் நுழைகிறது? படம் எடுக்கும்போது அல்ல. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு இயல்பாகவே அகச்சிவப்பு தெரியும். அதைத் தடுக்க முன்னால் ஒரு கண்ணாடியை வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியை அகற்றிக் கேமராவை மாற்றியமைக்கலாம். அல்லது லென்ஸின் முன் 720 நானோமீட்டர் கரிய ஃபில்டரை மாட்டி, முக்காலியில் நிறுத்திப் பல விநாடிகள் காத்திருக்கலாம். இரண்டாவது வழி பொறுமையைக் கோருவது. ஆடிக்காற்றில் முருங்கைத் தழை வெறும் புகையாகத்தான் பதியும். காற்றடங்கிய உச்சிவெயில் வேண்டும். மற்ற ஒளிப்படக்காரர்கள் கருவியை மூட்டைகட்டிவிட்டு நிழல் தேடும் பொழுது அது. விவசாயி வெயிலில் நிற்கும் நேரத்தில் நீங்களும் நின்றாகவேண்டும். அந்த அளவில் இது நேர்மையான கலை.

கணினியின் முன் அமர்ந்தபின்புதான் சிக்கல். கேமராவிலிருந்து வரும் கோப்பு செக்கச்செவேலென்றிருக்கும். பசும்புல்லை வைத்து ஒயிட் பேலன்ஸைத் திருத்தினால் இலைகள் வெளுத்து, வானம் செம்பழுப்பாகும். அதன்பின் சிவப்பு, நீலத் தளங்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினால் வானம் நீலமாகிவிடும். இதுவரைகூட எனக்கு மறுப்பில்லை. ஆனால் பலர் அடுத்து வெண்மையை உச்சத்துக்கு ஏற்றுகிறார்கள். யாரோ எந்த நாட்டுக்கோ செய்துவைத்த ‘பிரீசெட்’டை ஒரே சொடுக்கில் போடுகிறார்கள். முருங்கையும் தென்னையும் காய்ந்த சோளத்தட்டையும் ஒரே வெள்ளையாகின்றன. அகச்சிவப்பு காட்டிய வேறுபாடு அத்தனையும் அந்தக் கணத்தில் அழிகிறது. எஞ்சுவது சுண்ணாம்பு.

கலைஞனின் சுதந்திரம் என்று ஒன்று இல்லையா என்று கேட்பார்கள். அகச்சிவப்புக்கு உண்மையான நிறம் என்ற ஒன்றே கிடையாதே, எந்த நிறம் கொடுத்தால் என்ன என்பார்கள். சரிதான். நிறம் கற்பிதமே. ஐரிஷ் கலைஞர் ரிச்சர்ட் மாஸ் கிழக்குக் காங்கோவின் போர்க்களங்களை அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்தார். காடு முழுக்க இளஞ்சிவப்பாகத் தெரியும் அப்படைப்பு 2013 வெனிஸ் பியனாலேயில் வைக்கப்பட்டது. கொடுமையை அழகாக்குகிறார் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது உண்டு. ஆனால் அவர் காங்கோவை ஸ்விட்சர்லாந்து என்று சொல்லவில்லை. உலகம் பார்க்க மறுத்த இடத்தைப் பார்க்கவைக்க அந்த நிறத்தைக் கையாண்டார். நம் காஷ்மீர்க்காரர்கள் செய்வது அதன் தலைகீழ். பார்க்கவேண்டிய இடத்தைப் பார்க்கவிடாமல் செய்வது.

ஒருமுறை ஊருக்கு வடக்கே ஒரு பாறைமேல் நின்று சமவெளியை எடுத்தேன். கறுப்பு வெள்ளையாக்கி, சாம்பலின் எல்லாப் படிநிலைகளும் தெரியுமாறு அச்சிட்டு, கீழே தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். “என்னங்க, சுண்ணாம்பு அடிச்சாப்ல இருக்குது” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினார். எது கிணற்றுத் தண்ணீர் பாயும் தோட்டம், எது மழையை நம்பிக் கிடக்கும் மானாவாரிக் காடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு சாம்பல் கட்டத்தைக் காட்டி, போன வருஷம் அங்கே போர் வற்றிவிட்டது என்றார். ஓரத்தில் மிகப் பிரகாசமாக இருந்த வெள்ளையை நான் செழிப்பான தோட்டம் என்று நினைத்திருந்தேன். “அது தோட்டமில்லீங்க. சீமக்கருவேலம்.”

அகச்சிவப்புக்கும் எல்லை உண்டு என்பதை அன்று உணர்ந்தேன். பசுமை எது என்று அது சொல்லும். அது யாருடைய பசுமை, எதை அழித்து வந்த பசுமை என்பதைச் சொல்லாது. அதற்கு மண்ணை அறிந்த ஒருவர் வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் பேசுகிறது. நிலம் திரிவதைக் கூர்ந்து பார்த்த மரபு நம்முடையது. அதன் வாரிசுகள் பாலையைப் பனிநிலமாக்கி மகிழ்ந்துகொண்டிருக்கிறோம்.

நண்பருக்கு எழுதினேன். படத்தை நீக்கவேண்டாம், தலைப்பை மட்டும் ‘தூர்ந்த குளம், சித்திரை’ என்று மாற்றுங்கள் என்று. அப்படி மாற்றினால் யாரும் ரசிக்கமாட்டார்கள் என்று பதில் வந்தது. இருக்கலாம். ஆனால் அது குளம் என்று நாலு பேருக்காவது தெரிந்திருக்கும்.