காடும் ஒரு சேமநிதியே

ஐப்பசி பிறந்துவிட்டால் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிகளில் வாழும் விவசாய அங்கத்தினர்களுக்கு இரவுத் தூக்கம் இல்லாமற் போகிறது. கேழ்வரகு கதிர் வாங்கி முற்றும் காலம் அது. கர்நாடகத்தின் பன்னேருகட்டா வனத்திலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டி நம் பக்கம் வருவதும் அதே காலந்தான். பரண்மேல் அமர்ந்து, தீ மூட்டி, தகரம் தட்டி, விடியும்வரை விழித்திருந்தாலும், ஒரு நாள் கண்ணயர்ந்தால் நான்கு மாத உழைப்பு ஓரிரவில் மிதிபட்டுப் போகிறது. இந்த நிலையில் ஒருவர் வந்து, "அருகிவரும் உயிரினங்களைக் காப்பாற்ற வேண்டும்" என்று சொன்னால், "எங்களைக் காப்பாற்றுவது யார்?" என்று விவசாயி திருப்பிக் கேட்பது இயல்பே. அந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு இக்கட்டுரையை எழுத நாம் விரும்பவில்லை, அதிலிருந்தே தொடங்குகிறோம்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேலகிரி மலைகளிலும் காவிரிக் கரையிலும் உள்ள காடும், அதில் வாழும் உயிர்களும் நம் எல்லோருக்கும் பொதுவான சொத்து. அதைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் காக்கும் செலவு முழுவதும் காட்டோரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் தலையிலேயே விழுவது நியாயமன்று. பலன் பொதுவாக இருக்கும்போது பாரமும் பொதுவாக இருக்க வேண்டும். கூட்டுறவின் அடிப்படைத் தத்துவமே அதுதான்.

காட்டைப் பற்றிய ஆராய்ச்சியாளர்களின் வேலை நம் அங்கத்தினர் பலருக்குத் தெரியாது. ஜீப்பில் வந்து, மரத்தில் ஒரு காமிராப் பெட்டியைக் கட்டிவிட்டு, யானைச் சாணத்தை அளந்து எழுதிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து நாம் வேடிக்கையாகச் சிரித்ததுண்டு. உண்மையில் அவர்கள் செய்வது கணக்கெடுப்பு. நேரில் கண்ட யானைகளை எண்ணுவது ஒரு முறை. சாணக் குவியல்களை எண்ணி மதிப்பிடுவது மற்றொரு முறை. நீர்நிலைகளில் காத்திருந்து ஆண், பெண், கன்று எனப் பிரித்து எழுதுவது மூன்றாவது முறை. இவ்வாறு அண்டை மாநிலங்களோடு ஒரே நாட்களில் நடத்திய கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 2023-இல் 2,961 யானைகளும், 2024-இல் 3,063 யானைகளும் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. யானைக்கு மாநில எல்லை தெரியாது. ஆகவே கணக்கும் எல்லையைக் கடந்து சேர்ந்தே எடுக்க வேண்டியதாயிற்று. கணக்கில்லாத சங்கம் எப்படி நடவாதோ, அப்படியே கணக்கில்லாத காவலும் நடவாது.

இத்தகைய ஆராய்ச்சிகளின் துணைகொண்டே 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022-இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. முன்னது ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர். பின்னது ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர். இவ்விரண்டும் கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு இணைந்து ஒரு தொடர்ச்சியான காடாக நிற்கின்றன. ஆற்றங்கரை மருத மரங்களில் கூடு கட்டி வாழும் சாம்பல் நிற மலை அணில் இங்கே உண்டு. நான்கு கொம்பு மான் உண்டு. ஆற்றில் நீர்நாயும், முதலையும், மெல்லோட்டு ஆமையும் வாழ்கின்றன. பாறைக் குன்றுகளில் மஞ்சள் கழுத்துச் சின்னான் என்ற பறவை இருக்கிறது; தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

"ஆமையும் அணிலும் இருந்தால் நமக்கென்ன லாபம்?" என்று கேட்கலாம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது முதல், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பல ஊர்கள் குடிப்பது காவிரித் தண்ணீரைத்தான். நமது நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களும் எலும்புகளும் கெட்டதனால் வந்த திட்டம் அது. நீர்நாய் மீனைத் தின்று வாழ்வது. மீன் வாழ நல்ல தண்ணீர் வேண்டும். நீர்நாய் குட்டி போட்டு வாழ்கிற ஆறு பெரும்பாலும் நல்ல ஆறாகவே இருக்கும். சங்கத்துக்கு ஆண்டுதோறும் தணிக்கையாளர் வருவதுபோல, இந்த உயிர்கள் ஆற்றுக்குத் தணிக்கை செய்கின்றன. இதற்கு மாறாகத் தென்பெண்ணையைப் பாருங்கள். பெங்களூரின் கழிவைச் சுமந்துவரும் அந்த ஆறு, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மலைபோல் நுரை பொங்க நின்ற காட்சியை நாம் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறோம். ஒரே மாவட்டத்தில் இரண்டு ஆறுகள். காடு காக்கும் ஆறு எது, கைவிடப்பட்ட ஆறு எது என்பதை எவரும் எளிதில் சொல்லலாம்.

பூச்சிகளையும் செடிகளையும் ஆராய்கிறவர்களின் படிப்பு விவசாயிக்கு உதவாது என்று நினைப்பவர்களுக்குப் பட்டுத்தொழிலிலிருந்தே ஒரு சம்பவத்தை நினைவூட்டுகிறோம். 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி என்ற அயல்நாட்டுப் பூச்சி கோயம்புத்தூரில் தென்பட்டது. விரைவிலேயே அது பப்பாளியோடு நில்லாமல் மல்பெரித் தோட்டங்களுக்கும் பரவி, தமிழ்நாட்டுப் பட்டு விவசாயிகளைக் கதிகலங்கச் செய்தது. மருந்தடித்துத் தப்பலாமென்றால், மருந்து பட்ட இலையைத் தின்ற பட்டுப்புழு செத்துவிடும். அந்த மாவுப்பூச்சியைத் தாக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து தருவித்துப் பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கிற்று. மல்பெரி மீண்டும் தழைத்தது. எந்த உயிரை எந்த உயிர் கட்டுப்படுத்துகிறது என்ற அறிவுதான் நம்மைக் காத்தது. அந்தப் பூச்சி தன் பிறந்த நாட்டில் பெருகித் தொல்லை கொடுக்கவில்லை. அதற்குரிய எதிரிகள் அங்கே இருந்தன. நம் நாட்டுப் பூச்சிகளையும் பறவைகளையும் தவளைகளையும் நாமே அழித்துக்கொண்டால், நமக்கு உதவியான எதிரிகளையும் சேர்த்து அழித்தவர்களாவோம்.

சங்க அங்கத்தினர் எவருக்கும் சேமநிதி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. லாபத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் ஒதுக்குகிறோம். அதைப் பங்கிட்டுக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. இன்று நாம் கடனை எளிதாகப் பெற முடிகிறதென்றால், நமக்கு முன்னிருந்தவர்கள் அந்த நிதியைத் தின்றுவிடாமல் விட்டுச் சென்றதே காரணம். காடும் அப்படிப்பட்ட நிதிதான். அதன் வட்டியாக ஊற்றும் மழையும் மண்ணும் மகரந்தம் சுமக்கும் தேனீக்களும் நமக்குக் கிடைக்கின்றன. முதலைத் தின்னத் தொடங்கினால் வட்டி நின்றுபோகும்.

அந்த முதல் குறைந்துவருகிறது என்பதற்கு யானை ஊருக்குள் வருவதே சாட்சி. 1970-களில் ஓசூரில் தொழிற்பேட்டை அமைந்தது. நம் குடும்பங்களில் பலருக்கு அதனால் வேலை கிடைத்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சாலைகளும் மனைப்பிரிவுகளும் கல் குவாரிகளும் பெருகி, யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழி குறுகிற்று. ஓசூரை அடுத்த சானமாவுக் காடு வயல்களுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே ஒரு தீவைப்போல நிற்கிறது. எஞ்சிய காட்டுக்குள்ளும் உண்ணிச்செடி புகுந்திருக்கிறது. வெள்ளையர் ஆட்சியின் தொடக்கத்தில் பூச்செடியாக வந்த இந்த அமெரிக்கச் செடி, புல்லை முளைக்கவிடாமல் புதராக மண்டுகிறது. புல் இல்லாத காட்டில் நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனி வேண்டிய யானை என்ன செய்யும்? கேழ்வரகு வயலுக்குத்தான் வரும்.

இந்தச் சங்கடத்தைத் தனியொருவராகத் தீர்க்க முயன்றால் என்ன ஆகிறது என்பதை 2023 மார்ச் மாதத்தில் கண்டோம். தருமபுரி மாவட்டத்தில் மாரண்டஅள்ளி அருகே, சட்டத்துக்கு மாறாக மின்சாரம் பாய்ச்சப்பட்ட வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. இரண்டு கன்றுகள் உயிரோடு நின்றன. பெண் யானை ஏறத்தாழ இருபத்திரண்டு மாதம் சுமந்து ஒரே கன்றை ஈனுவது. அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஓரிரவில் போனதை ஈடுகட்ட ஒரு தலைமுறை வேண்டும். விவசாயியின் நிலைமையும் பரிதாபமே. விளைச்சலைக் காக்கப் போனவர் சிறைக்குப் போகிறார். குடும்பம் தெருவில் நிற்கிறது. யானைக்குப் பதிலாக அண்டை வீட்டுப் பிள்ளையோ, கறவை மாடோ அந்தக் கம்பியை மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது நமக்கு நடுக்கம் உண்டாகிறது.

ஆகவே நமது சங்கங்களின் பரிசீலனைக்குச் சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, பயிர்ச்சேதம் நேர்ந்த மறுநாள் காலையிலேயே அது சங்கப் புத்தகத்தில் பதிவாக வேண்டும். சர்வே எண், பயிர், அழிந்த பரப்பு, புகைப்படம் ஆகியவற்றுடன் நஷ்டஈட்டு மனுவைச் சங்கக் காரியதரிசியே எழுதி வனத்துறைக்கு அனுப்ப வேண்டும். படிப்பறிவு குறைந்த விவசாயி தனியே அலுவலக வாசலில் நின்றால் நாட்கள் கழிகின்றன. சங்கம் நின்றால் பதில் வரும். சேதமடைந்தவரின் கடன் தவணையை ஒத்திவைப்பதையும் நிர்வாகக் குழு பரிவுடன் கவனிக்க வேண்டும்.

இரண்டாவதாக, மின் கம்பத்திலிருந்து நேரே இழுக்கும் வேலியை எந்த அங்கத்தினரும் போடக்கூடாதென மகாசபையில் தீர்மானம் செய்ய வேண்டும். தடை மட்டும் போதாது. மாற்றும் தர வேண்டும். சூரிய ஒளி வேலி கணநேர அதிர்ச்சியை விட்டுவிட்டுத் தருவதால் விரட்டுமே தவிரக் கொல்லாது. அதைத் தனித்தனி வயலுக்கு அமைத்தால் யானை அடுத்தவர் வயலுக்குப் போகும். ஊர் முழுவதையும் சேர்த்து, யானை வழியை மறிக்காமல், ஆராய்ச்சியாளர்களையும் வனத்துறையையும் கலந்து அமைக்க வேண்டும். இதற்கான பொது நிதியில் காட்டுக்குத் தொலைவிலுள்ள அங்கத்தினர்களும், நெசவாளர்களும் பங்கு செலுத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவதாக, நெசவாளர்களுக்கு ஒரு வார்த்தை. நமது சாயத்தொட்டியின் தண்ணீர் எங்கே போகிறது? அண்டை மாநிலத்தின் கழிவைக் குறைகூறும் நாம், நம் வீட்டுக் கால்வாயையும் பார்க்க வேண்டும். வடிகட்டும் தொட்டிகளைக் கூட்டாக அமைப்பது சங்கத்தால் ஆகக்கூடிய காரியம்.

நான்காவதாக, உண்ணிச்செடியிலும் நமக்கு ஒரு வழி இருக்கிறது. காவிரிக்கு அக்கரையில் மலை மகாதேசுவர மலையில் சோளிகர் மக்கள், பெங்களூரின் ஏட்ரீ ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியுடன், உண்ணிக் குச்சிகளை வேகவைத்து, தோலுரித்து, நாற்காலியும் கூடையும் முடைந்து விற்கக் கற்றார்கள். பின்னலறிந்த கைகள் நம்மிடமும் இருக்கின்றன. பட்டா நிலத்திலும் ஊர்ப் புறம்போக்கிலும் மண்டிய புதரிலிருந்து தொடங்கலாம். காட்டிலுள்ளதற்கு வனத்துறையின் அனுமதி பெறலாம். வெட்டிய இடங்களில் புங்கம், நாவல் போன்ற நம் மண்ணுக்குரிய மரங்களை நட வேண்டும்; நடாவிட்டால் உண்ணியே மறுபடியும் முளைக்கும்.

இவையெல்லாம் ஒரே ஆண்டில் நிறைவேறும் என்று நாம் சொல்லவில்லை. யானை அடுத்த ஐப்பசியிலும் வரும். ஆனால் அப்போது பரண்மேல் விழித்திருக்கும் விவசாயி, தம்மோடு ஒரு சங்கமே விழித்திருக்கிறது என்று உணர வேண்டும். அந்த உணர்வு இருந்தால் அவர் கள்ளக் கம்பியைத் தேடமாட்டார். ஒருவருக்காக எல்லோரும், எல்லோருக்காக ஒருவர் என்று நாம் சொல்லிவரும் வாசகம் காட்டோர வயலில் நிறைவேறுகிறதா என்பதே இப்போது நம்முன் உள்ள சோதனை. வரும் மகாசபைகளில் இதை ஒரு பொருளாக எடுத்து விவாதிக்குமாறு எல்லாச் சங்கங்களின் நிர்வாகிகளையும் அங்கத்தினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.